பந்தைக் கொண்டுவிக்கப் போனவர்கள்

சென்ற இதழில், ஐரோப்பாவுக்குப் போய்க் கால்பந்துப் பயிற்சி கொடுத்த ஜிம்மி ஹோகன் முதலான பழைய இங்கிலாந்து ஆட்டக்காரர்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து. இந்த முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர் (கடல் கடந்து தொழில் செய்யப் போவதை இங்கே அப்படித்தான் சொல்வோம்). மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார், மறுபடி கப்பலேறுவார். ஜிம்மி ஹோகனைப் பற்றிப் படித்ததும் அந்த ஞாபகம்தான் வந்தது. அவர் எதைக் கொண்டுபோனார்? எதற்காகப் போனார்?
— ஒரு வாசகர், காரைக்குடி

ஹோகன் 1882இல் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், நெல்சன் என்ற பஞ்சாலை ஊரில் பிறந்தவர். பர்ன்லி, ஃபுல்ஹாம், போல்ட்டன் அணிகளில் ஆடினார். நல்ல ஆட்டக்காரர், ஆனால் முதல் வரிசை நட்சத்திரம் அல்ல. போல்ட்டன் அணியோடு ஹாலந்துக்குப் போனபோது டோர்ட்ரெக்ட் ஊர் அணியை 10–0 என்று அடித்துவிட்டு வந்தார்கள். தோற்றவர்களின் ஆர்வத்தைப் பார்த்த ஹோகன், திரும்பி வந்து இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்று மனதில் வைத்துக்கொண்டார். 1910இல் அதே ஊருக்குப் பயிற்சியாளராகப் போனார். அந்த அக்டோபரில் ஹாலந்து தேசிய அணி ஜெர்மனியை 2–1 என்று வென்றபோது அணியின் பொறுப்பு அவரிடம் இருந்தது.

1912இல் வியன்னா. ஆஸ்திரியக் கால்பந்தின் தலைமகன் ஹ்யூகோ மைசல், நல்ல பயிற்சியாளர் வேண்டும் என்று ஹோவ்கிராஃப்ட் என்ற இங்கிலாந்து நடுவரிடம் கேட்க, அவர் காட்டிய பெயர் ஹோகன். 1914இல் போர் மூண்டதும் எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து வைத்தார்கள். பிறகு புடாபெஸ்ட்டின் எம்.டி.கே. கழகத்துக்காரர்கள் தங்கள் செல்வாக்கால் அவரை அழைத்துக்கொண்டார்கள். போலீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அந்த அணியைத் தயார் செய்தார். பூங்காவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த ஓர்த், பிரவுன் என்ற இரண்டு பையன்களைப் பிடித்து வந்து வளர்த்தார். இருவருமே ஹங்கேரியின் பெரும் ஆட்டக்காரர்கள் ஆனார்கள். அவர் கிளம்பிய பின்னும் 1925 வரை பட்டம் அந்தக் கழகத்தை விட்டுப் போகவில்லை.

உங்கள் ஐயா கொண்டுபோனது முதல், அதாவது பணம். ஹோகன் கையில் முதல் ஏதும் இல்லை. பந்தைக் காலுக்குப் பழக்கும் முறை ஒன்றுதான் அவர் சரக்கு. லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, கணக்கின் ஒவ்வொரு படியையும் கைப்படக் கற்ற ஒருவர் போல, அவரும் ஆட்டத்தின் ஒவ்வொரு அசைவையும் பிரித்துப் பார்த்து வைத்திருந்தார். அந்த அளவில் உங்கள் ஒப்புமை பொருத்தமே.

அவ்வளவு தெரிந்தவரை இங்கிலாந்து ஏன் வைத்துக்கொள்ளவில்லை?
— கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

அங்கே பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடுவது, குதிப்பது, மாலிஷ். வாரம் முழுவதும் பந்தைக் கண்ணில் காட்டமாட்டார்கள். ‘பந்துப் பசி’ இருந்தால்தான் சனிக்கிழமை நன்றாக ஆடுவான் என்பது கணக்கு. இளைஞர் ஹோகன் ஒருமுறை கோலைத் தவறவிட்டு, என் அடியில் என்ன பிழை என்று மேலாளரிடம் கேட்டார். பத்துக்கு ஒன்று உள்ளே போனால் போதும், அடித்துக்கொண்டே இரு என்று பதில் வந்தது. அந்தப் பதில் அவருக்கு ஆறவே இல்லை. நிற்கும் கால் எங்கே இருந்தது, உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தானே தேட ஆரம்பித்தார். அவருடைய பயிற்சி முறை முழுவதும் அந்தத் தேடலிலிருந்து வந்ததுதான்.

வருமானமும் ஒரு காரணம். 1901இலிருந்து அங்கே ஆட்டக்காரருக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதி இருந்தது. முட்டி போனால் பிழைப்பும் போச்சு. வெளிநாட்டில் கௌரவமான சம்பளம் கிடைத்தது.

போர் முடிந்து ஹோகன் ஊர் திரும்பினார். போரால் நொடிந்த கால்பந்துக்காரர்களுக்கு 200 பவுண்டு உதவித்தொகை உண்டு என்று கேள்விப்பட்டு, லண்டனில் கால்பந்துச் சங்கத்துக்குப் போனார். கையில் கிடைத்தது மூன்று ஜோடி காக்கிக் காலுறை. போர்முனையில் இருந்த பையன்களுக்கு இதுவே பெரிதாக இருந்தது என்றார்களாம். எதிரி நாட்டில் இருந்தவன் துரோகி என்ற குத்தல் அதில் இருந்தது என்று ஹோகன் பின்னாளில் சொன்னார். எத்தனை முறை படித்தாலும் மனதை வருத்துகிற இடம் இது.

எங்கள் பள்ளிப் பையன்கள் பத்து அடி அடித்தால் எட்டு கோல் கம்பத்துக்கு மேலே போகிறது. ஹோகன் முறைப்படி எதைத் திருத்துவது?
— உடற்கல்வி ஆசிரியர், தேவகோட்டை

பந்து எங்கே போனது என்று பார்க்க வேண்டாம். அடித்த கணத்தில் பையன் எப்படி நின்றான் என்று பாருங்கள். பக்கவாட்டில், அவன் இடுப்பு உயரத்துக்குக் குனிந்து நின்றால்தான் அது தெரியும். கோலுக்குப் பின்னால் நின்றால் தெரியாது.

மேலே போகிறதென்றால் பெரும்பாலும் நிற்கும் கால் பந்துக்குப் பின்னால் விழுகிறது. கால் பின்தங்கினால் உடம்பும் பின்னே சாயும், பூட்ஸ் பந்தின் அடிவயிற்றில் பட்டுத் தூக்கிவிடும். நிற்கும் கால் பந்துக்கு நேர் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி விழவேண்டும். அந்தப் பாதத்தின் விரல் கோலைப் பார்க்க வேண்டும். அது வலப்பக்கம் திரும்பியிருந்தால் பந்தும் வலப்பக்கம்தான் போகும். அடிக்கும் காலின் முட்டி பந்துக்கு மேலே வரவேண்டும், கணுக்கால் இறுகி விரல்நுனி தரையைப் பார்க்க வேண்டும். லேஸ் கட்டிய மேல்பாகம் பந்தின் நடுவில் பட வேண்டும். கணுக்கால் தொளதொள என்றிருந்தால் சத்தம் மட்டும் வரும், வேகம் வராது.

இதை ஓடிவந்து பழக்காதீர்கள். முதல் வாரம் நின்ற இடத்தில், ஒரே ஒரு எட்டு வைத்து, பாதி வேகத்தில். சிமெண்டுச் சுவரில் தரையிலிருந்து இரண்டு முழ உயரத்துக்குள் சாக்பீஸால் மூன்று சதுரம் போடுங்கள். பையன் எட்டு நடை தள்ளி நின்று, எந்தச் சதுரம் என்று வாயால் சொல்லிவிட்டு அடிக்கட்டும். வலது காலில் 20, இடது காலில் 20. சொன்ன சதுரத்தில் பத்துக்கு ஆறு பட்ட பிறகு மூன்று எட்டு ஓடிவரச் சொல்லுங்கள். அவசரப்பட்டு முழு ஓட்டத்துக்குப் போனால் சாய்வு மறுபடி வந்துவிடும்.

ஒரு வேண்டுகோள்: பழைய வீட்டுச் சுவர்கள் வேண்டாம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய செட்டிநாட்டுப் பூச்சு பந்தடிக்கு ஏற்றதல்ல. ஒரு சில்லு பெயர்ந்தால் அதே பூச்சை மறுபடி பூச ஆள் தேடி அலையவேண்டும்.

அடியை விட முக்கியம் பந்தை அடக்குவது. நம் செம்மண் பொட்டல் இறுகிக் கிடக்கும், பந்து இரண்டாவது குதிப்பில் எங்கே திரும்பும் என்று சொல்லமுடியாது. அதனால் இரண்டாவது குதிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. முதல் குதிப்பு தரையை விட்டு எழும் அந்த நொடியில், குதிகால் தாழ்ந்து விரல் உயர்ந்த பாதத்தை ஆப்பு வைத்ததுபோல அதன்மேல் சாய்க்க வேண்டும். மிதிக்கக் கூடாது. மிதித்தால் பந்து நழுவும், பையன் மல்லாந்து விழுவான். நெஞ்சில் வாங்கும்போது மூச்சை விட்டு நெஞ்சைச் சற்று உள்ளே இழுத்தால் பந்து காலடியில் விழும். விறைத்து நின்றால் மூன்று கெஜம் தள்ளிப் போய்விடும்.

பெண்ட்லேண்ட் என்பவர் ஸ்பெயினில் முதல் நாள் பூட்ஸ் லேஸ் கட்டத்தான் கற்றுக்கொடுத்தாராமே! வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கா?
— ஒரு வாசகர், நாட்டரசன்கோட்டை

வளர்ந்தவர்களுக்குத்தான். ஃபிரெட் பெண்ட்லேண்ட் 1883இல் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். 1909இல் இங்கிலாந்துக்கு ஐந்து ஆட்டம் ஆடியவர். 1922இல் பில்பாவோவின் அத்லெட்டிக் அணிக்குப் போனார். லேஸ் கட்டுவதில் தொடங்கினார் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுகிற செய்தி. சின்ன விஷயத்தைச் சரியாகச் செய், மற்றவை தானாக வரும் என்பதுதான் அவர் போதனை. அதன் பலனையும் பாருங்கள்: 1929–30இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லீக் பட்டம், மறுவருஷமும் பட்டம், 1930 முதல் 1933 வரை தொடர்ந்து நான்கு கோப்பை. 1931இல் பார்சலோனாவை 12–1 என்று அடித்ததும் இந்த அணிதான். எப்போதும் வட்டத் தொப்பியோடு இருப்பார். ஜெயித்த நாளில் ஆட்டக்காரர்கள் அதைப் பிடுங்கி மிதித்துக் கொண்டாடுவார்கள்.

லேஸ் விஷயத்துக்கு வருவோம். நம் பையன்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, காலை உள்ளே விட்டதும் மேலே மட்டும் இழுத்து முடிச்சுப் போடுவது. முன்பாதம் தளர்ந்தே இருக்கும், ஓட ஓட விரல்நுனி இடித்து நகம் கறுக்கும். இரண்டு, மிச்ச லேஸைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டுவது. குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் அழுந்தி, அரைமணியில் வலி எடுக்கும்.

சரியான முறை: லேஸை நன்றாகத் தளர்த்திக் காலை விடுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டி முழுக்கப் பின்னால் தள்ளுங்கள். நாக்கை நேராக்குங்கள். விரல் பக்கத்துக் கண்ணியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக இறுக்கிக்கொண்டு மேலே வாருங்கள். முடிச்சு நடுவில் வேண்டாம், வெளிப்பக்கம் சற்றுத் தள்ளிப் போடுங்கள். பந்து படும் இடம் மழமழவென்று இருக்கும். இரட்டை முடிச்சுப் போட்டு, மீந்த காதுகளைக் குறுக்கு லேஸுக்கு அடியில் செருகிவிடுங்கள். பத்து நிமிஷம் ஓடிய பிறகு தோலும் துணியும் இளகும். ஒருமுறை உட்கார்ந்து மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கலை யாரும் செய்வதில்லை.

வெறுங்காலில் பழகலாமா? எங்கள் ஊரில் பாதிப் பையன்களிடம் பூட்ஸ் இல்லை.
— ஒரு தாயார், ஆத்தங்குடி

தாராளமாக, ஆச்சி. பந்தைத் தொட்டுப் பழகவும் அடக்கவும் வெறுங்கால்தான் நல்ல ஆசான். எங்கே பட்டது என்று தோல் உடனே சொல்லிவிடும். ஜெர்மனியில் ஒரு மேடையில் பேச்சு எடுபடாமல் போகவே, ஹோகன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பதினைந்து கெஜம் தள்ளியிருந்த பலகையைக் குறிவைத்து அடித்துப் பிளந்தார் என்று சொல்வார்கள். நம் நாட்டில் 1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. (இந்தியக் கால்பந்துச் சங்கம்) கேடயத்தை வென்றபோது அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலர்கள்தான்.

ஆனால் மூன்று எச்சரிக்கை. சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் செம்மண் சுடும். ஆடும் முன் பொட்டலில் கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் இருக்கிறதா என்று நான்கு பேர் வரிசையாக நடந்து பொறுக்குங்கள். பூட்ஸ் போட்டவனையும் வெறுங்காலனையும் ஒரே ஆட்டத்தில் மோதவிடாதீர்கள், விரல் எலும்பு தாங்காது.

இத்தாலியில் பயிற்சியாளரை ‘மிஸ்டர்’ என்கிறார்களே?
— கோட்டையூர் வாசகர்

வில்லியம் கார்பட் வழியாக வந்த வழக்கம் என்பது பொதுவான கருத்து. ஆர்சனல், பிளாக்பர்ன் அணிகளில் ஆடி, காயத்தால் ஓய்ந்து, 1912இல் ஜெனோவாவுக்குப் போனவர். ஆட்டக்காரர்கள் அவரை அப்படி அழைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. 1923, 1924இல் ஜெனோவாவுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். பிறகு ரோமா, நாப்போலி. 1936இல் பில்பாவோவுக்கும் ஒரு லீக் பட்டம்.

போர்க்காலத்தில் இவர்களில் பலர் ஒரே முகாமில் அடைபட்டிருந்தார்கள் என்பது உண்மையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புதுவயல்

உண்மை. பெர்லின் அருகே ரூலேபன் என்ற குதிரைப் பந்தய மைதானம். லாயங்களில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்களை வைத்திருந்தார்கள். 1914 கோடையில் ஜெர்மனியில் பயிற்சியாளராக வேலை ஏற்றிருந்த பெண்ட்லேண்ட் அங்கே இருந்தார். இங்கிலாந்துக்கு 23 ஆட்டங்களில் 28 கோல் அடித்த ஸ்டீவ் புளூமரும் இருந்தார். முகாமுக்குள்ளேயே அணிகள் பிரித்து லீக் நடத்தினார்கள். பெண்ட்லேண்டைப் போலவே புளூமரும் பின்னாளில் ஸ்பெயினுக்குப் போனார். 1924இல் ரியால் யூனியன் அணிக்கு அந்நாட்டுக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார்.

ஜாக் ரெனால்ட்ஸுக்கு இந்தக் கஷ்டம் அடுத்த போரில் வந்தது. மான்செஸ்டரில் பிறந்த அவர் 1915இல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணிக்குப் போய், இடையிடையே விட்டு 1947 வரை அதை வளர்த்தவர். 1940இல் ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்ததும் நேராக அயாக்ஸுக்கே திரும்பினார். சிறுவர் அணி முதல் பெரிய அணி வரை எல்லோரும் ஒரே பாணியில் ஆடவேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. பின்னாளில் ‘முழுக் கால்பந்து’ (எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடும் பாணி) என்று உலகப் புகழ் பெற்ற ரினஸ் மிக்கல்ஸ், இளம் ஆட்டக்காரராக அயாக்ஸில் நுழைந்தது ரெனால்ட்ஸின் கடைசி வருஷங்களில்தான். அத்தனையும் ரெனால்ட்ஸ் விதைத்தது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் நிலத்தை உழுதுவைத்தவர் அவர்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் லேஸ் வைத்த தோல்பந்து ஒன்று வாங்கினேன். காற்றடித்து ஆடலாமா?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

ஆடவேண்டாம். பழைய பந்துதானா என்று முதலில் பாருங்கள். அலங்காரத்துக்காக இன்றும் லேஸ் வைத்துச் செய்கிறார்கள். லேஸை மெல்ல விலக்கிப் பாருங்கள். பந்தின் வேறொரு பக்கத்தில் ஊசி நுழையும் சின்ன ரப்பர் துளை இருந்தால் அது புதுச் சரக்கு. உண்மையான பழசில் துளை இருக்காது. வாய்ப்பிளவுக்குள் ரப்பர் பிளாடர் (காற்றுப் பை) இருக்கும், அதன் குழாய் வெளியே வரும். காற்றடித்து, குழாயை மடக்கி நூலால் கட்டி, உள்ளே திணித்து, வாயைச் சேர்த்து லேஸால் தைத்து மூடுவார்கள். மூடிய இடம் புடைத்தால் பந்து நேராக உருளாது. அதனால் தைப்பதே ஒரு கைவேலையாக இருந்தது.

அந்தக் காலத்து விதிப்படி பந்தின் எடை 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 370 முதல் 425 கிராம். 1937இல் ஒரு அவுன்ஸ் கூட்டினார்கள். இது ஆட்டம் தொடங்கும்போது உள்ள எடை. மழையில் தோல் தண்ணீர் குடித்தால் பாரம் ஏறிவிடும். லேஸ் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். ஹோகனின் சீடர்கள் பந்தைத் தரையோடு தரையாகக் கைமாற்றி ஆடியதன் அருமை, இந்தப் பந்தைக் கையில் தூக்கிப் பார்த்தால் விளங்கும்.

உங்கள் பந்தின் பிளாடர் இத்தனை வருஷத்தில் பிசுபிசுத்தோ மொரமொரத்தோ போயிருக்கும். தையல் நூலும் இற்றிருக்கும். காற்றடித்தால் முதலில் தையல்தான் பிரியும். பிளாடரை வெளியே எடுத்துவிட்டு, பழைய பருத்தித் துணியைச் சிறு சிறு துண்டாக்கி, உருண்டை வரும் அளவுக்கு மட்டும் அடையுங்கள். பூஞ்சை இருந்தால் நிழலில், உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். சிக்கு வாடை அடிக்கும், எறும்பும் வரும்.

1953இல் ஹங்கேரி வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6–3 என்று வென்றதற்கு ஹோகன் காரணம் என்கிறார்களே, மிகையில்லையா?
— வங்கி ஊழியர், காரைக்குடி

நவம்பர் 25, 1953. ஹோகனுக்கு வயது 71. ஆஸ்டன் வில்லா கழகத்துச் சிறுவர்களோடு அரங்கில் உட்கார்ந்து பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் ஹங்கேரிச் சங்கத் தலைவர் சாண்டோர் பார்ச், எங்களுக்குத் தெரிந்த கால்பந்தெல்லாம் ஹோகன் கற்றுக்கொடுத்தது என்றார். அணியின் பொறுப்பாளர் குஸ்டாவ் செபெஷ், எங்கள் கால்பந்து வரலாற்றில் அவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்றார். ஜெயித்தவர்கள் வாயால் வந்த சொல் அது.

ஆனால் அந்த அணியின் அமைப்பு, நடு முன்னணி ஆட்டக்காரர் ஹிடேக்குட்டியைப் பின்னே இழுத்து ஆடவைத்த உத்தி, புஷ்காஷின் இடதுகால் எல்லாம் ஹங்கேரிக்காரர்களின் சொந்த உழைப்பு. ஹோகன் கொடுத்தது அடித்தளம்: பந்தை அடக்கு, பார், தரையோடு கொடு, உடனே நகர். ஆறு மாதம் கழித்து புடாபெஸ்ட்டில் 7–1. இரண்டு முறை தோற்ற பிறகுதான் இங்கிலாந்து தன் பயிற்சி முறையைத் திரும்பிப் பார்த்தது. ஹோகன் 1974இல் காலமானார்.

இருபத்துநான்கு பையன்கள், ஆறு பந்து, ஒரு மணி நேரம். எப்படிப் பிரிப்பது?
— பி.டி. ஆசிரியை, கொத்தமங்கலம்

நான்கு பேருக்கு ஒரு பந்து என்று ஆறு குழுவாக்குங்கள். வரிசையில் நின்று முறை வரக் காத்திருக்கும் பழக்கத்தை முதலில் ஒழிக்க வேண்டும். முதல் 10 நிமிஷம்: எட்டு நடைச் சதுரத்தில் மூலைக்கு ஒருவர், பாதத்தின் உட்பக்கத்தால் பாஸ், இரண்டு தொடுதலுக்கு மேல் கூடாது, கொடுத்ததும் அடுத்த மூலைக்கு ஓடவேண்டும். அடுத்த 15 நிமிஷம்: இரண்டு குழு சுவரடிக்கு, இரண்டு குழு கையால் எறியும் பந்தை அடக்க, இரண்டு குழு தலையடிக்கு. ஐந்து ஐந்து நிமிஷத்தில் இடம் மாற்றுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தலையடி வேண்டாம், அதற்குப் பதில் முட்டியால் தட்டித் தட்டி நிறுத்தட்டும். பிறகு 25 நிமிஷம் நான்குக்கு நான்கு ஆட்டம், 30 கெஜத்துக்கு 20 கெஜம், மூன்று களம். கோல் கீப்பர் கிடையாது, செருப்பு வைத்து மூன்று அடி அகலக் கோல். மிச்சம் 10 நிமிஷம் இடது காலுக்கு மட்டும்.

பந்து: பன்னிரண்டு வயது வரை 4ஆம் நம்பர், மேலே 5ஆம் நம்பர். நம் தரைக்குக் காற்றழுத்தம் 8.5 பி.எஸ்.ஐ. போதும், அதற்கு மேல் போனால் ரப்பர் பந்துபோலக் குதிக்கும். காலையில் அடித்த பந்தை வெயிலில் போடாதீர்கள், காற்று விரிந்து தையலை இழுக்கும். பம்பு ஊசியை எச்சில் தொட்டோ தண்ணீர் தொட்டோ நனைத்துத்தான் குத்த வேண்டும். உலர்ந்த ஊசி வால்வைக் கீறிவிடும், பிறகு அந்தப் பந்து தினமும் காற்று இறங்கும்.